எப்படியும் அவர் காதுக்குப் போகும், உங்கள் வாயால் போகட்டும்

போன வாரம் எல்லா குரூப்பிலும் சுற்றிய அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மேனேஜர் கிளையன்ட் காலில் ஸ்கிரீன் ஷேர் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். வலது கீழ் மூலையில் அவுட்லுக் பாப்-அப் வந்து நிற்கிறது: உங்கள் டீமிலிருந்து இன்னார் இந்த ஐஜேபிக்கு (கம்பெனிக்குள்ளேயே ஆள் எடுக்கும் வேலை அறிவிப்பு) விண்ணப்பித்திருக்கிறார், பெயரோடு. டீம் மொத்தமும் பார்த்தது. கிளையன்ட்டும் பார்த்தார். அதற்கப்புறம் மேனேஜர், விண்ணப்பித்த அந்தப் பொண்ணுக்கு "முதுகில் குத்திட்டே" என்று அனுப்பிய மெசேஜைத்தான் நீங்கள் எல்லாரும் படித்தீர்கள்.

எனக்கு அவர் மேல் இருப்பதைவிட, "கையில ஆஃபர் வர்ற வரைக்கும் மூச்சு விடாதே" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம் அதிகம். அதே ஆட்கள் இப்போது கமெண்டில் வந்து அவளுக்கு விவரம் போதாது என்கிறார்கள்.

அது வெளிக் கம்பெனிக்குத் தாவும்போது சொல்லும் அறிவுரை. உள்ளேயே மேலே போவதற்கு அது உதவாது. வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ் மாதிரி ஹெச்ஆர் போர்ட்டல்களில் மேனேஜருக்கு எந்தக் கட்டத்தில் தகவல் போக வேண்டும் என்பதைக் கம்பெனிதான் செட் பண்ணி வைக்கிறது. சில இடங்களில் சப்மிட் அழுத்திய நொடியே மெயில் போகும். சில இடங்களில் ஷார்ட்லிஸ்ட் ஆன பிறகு. பாலிசி டாக்குமென்ட்டில் இது பெரும்பாலும் எழுதியிருக்கும். இப்போதைய ரோலில் 12 மாதமா 18 மாதமா முடிந்திருக்க வேண்டும், கடைசி அப்ரைசல் ரேட்டிங் என்ன இருக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அப்ளை பண்ணும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மெயிலே போகாத கம்பெனி என்றாலும், ஆள் எடுக்கும் அந்த டீம் மேனேஜர் இன்டர்வியூவுக்கு முன்னாலேயே டீம்ஸில் உங்கள் மேனேஜரிடம் "ஆள் எப்படி?" என்று ஒரு வரி கேட்டுவிடுவார். பல இடங்களில் நடப்பதுதான். எப்படியும் அவர் காதுக்குப் போகும். உங்கள் வாயால் போகட்டும்.

"அப்போ பர்மிஷன் கேட்கச் சொல்றீங்களா?" இல்லை. கேட்காதீர்கள், சொல்லுங்கள். சோழிங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு டெஸ்டர் தம்பி "அப்ளை பண்ணட்டுமா?" என்று கேட்டான். "இந்த ரிலீஸ் முடியட்டும்பா" என்றார்கள். ரிலீஸ் மூன்று முறை தள்ளிப்போனது. போஸ்டிங் திறந்திருந்தது வெறும் 15 நாள். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். அதே சீட்டில்தான் இன்னும் இருக்கிறான்.

சொல்வதற்கும் முறை இருக்கிறது. அப்ளை பண்ணுவதற்கு முந்தைய நாள் ஒன்-ஆன்-ஒன்னில் 10 நிமிடம் போதும். சாட்டில் வேண்டாம். டீக்கடையில் டீமிடம் முதலில் சொல்லவே வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குள் அது அவரிடம் போய்விடும். எந்த ரோல், ஏன் உங்களுக்குப் பொருந்தும், உங்கள் வேலையை யார் எடுத்துக்கொள்ளலாம், கேடி (அவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பது) எத்தனை வாரம் பிடிக்கும், இவ்வளவுதான். அன்று சாயங்காலமே "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். நாளைக்கு அவர் தெரியாது என்று சொன்னால் அந்த மெயில் இருக்கும்.

அவருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. நீங்கள் பில்லபிள் ஆள், உங்கள் வேலைக்குக் கிளையன்ட் காசு கொடுக்கிறார். நீங்கள் நகர்ந்தால் அவர் ஆர்எம்ஜியிடம் (புராஜெக்டுகளுக்கு ஆள் ஒதுக்கும் பிரிவு) மாற்று ஆள் கேட்க வேண்டும், அந்த ஆளைக் கிளையன்ட் இன்டர்வியூ பண்ணி ஓகே சொல்ல வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். முன்கூட்டித் தெரிந்தால் அவர் தயாராவார். தெரியாமல் போனால் உங்களை விடுவிக்கும் தேதியில் கை வைப்பார், 30 நாள் 90 நாளாகும். வருஷ நடுவில் மாறினால், பல இடங்களில் பாதி வருஷத்துக்கான ஃபீட்பேக்கையும் பழைய மேனேஜர்தான் எழுதுவார். அதை மறக்காதீர்கள்.

"சொன்னா ரேட்டிங்ல கை வைப்பாங்க" என்பவர்களுக்கு: நடக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் முடிந்தவரை ரேட்டிங் முடிந்து லெட்டர் கைக்கு வந்த பிறகு அப்ளை பண்ணச் சொல்கிறேன். மேனேஜர் உண்மையிலேயே பழிவாங்குகிறவர் என்றால், உங்கள் பாலிசி இடம் கொடுத்தால், ஷார்ட்லிஸ்ட் ஆனதும் ஹெச்ஆரை சிசியில் வைத்துச் சொல்லுங்கள். "ஹெச்ஆர் ரகசியமா வச்சுப்பாங்க" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எழுத எழுத எனக்கு அந்த மெசேஜ்தான் திரும்பத் திரும்ப வருகிறது. "முதுகில் குத்திட்டே." நாலு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த பொண்ணு, கம்பெனியே திறந்து வைத்த கதவைத் தட்டியிருக்கிறாள். இதில் குத்து எங்கே வந்தது? டீமில் ஒருத்தர் மேலே போகிறார் என்றால் அது வளர்த்தவருக்குப் பெருமை இல்லையா? எல்லார் முன்னாலும் அவர் வெட்கப்பட்டது வலிக்கும், சரி. அந்த வலியை அவள் தலையில் இறக்குவது எந்த ஊர் நியாயம்? மேனேஜர் சார், சொல்லும் தைரியம் வருகிற மாதிரி நீங்கள் நடந்துகொண்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளே!

அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீ இதைப் படித்தால்: நாளைக் காலையில் அவருக்கு ஒரு மெயில் போடு. "விண்ணப்பித்ததை நானே முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு வருந்துகிறேன். இந்த ரோலில் எனக்கு விருப்பம் இருக்கிறது, தொடர்கிறேன். கேடி பிளான் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். அப்ளிகேஷனை மட்டும் வித்டிரா பண்ணிவிடாதே. சில போர்ட்டல்களில் ஒருமுறை வித்டிரா கொடுத்தால் அதே போஸ்டிங்குக்குத் திரும்ப அப்ளை பண்ண விடாது.