சுவருக்கு முதல் துணி

திருகோணமலையில் தூரிகை பிடிக்கத் தெரிந்த இளம் ஆட்களுக்குக் குறைவில்லை. "சொந்தமாய் ஒரு டிசைன் கொம்பனி, துணியும் செய்வம் சுவர்த்தாளும் செய்வம், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள் வாங்கும்" என்ற கதையும் அடிக்கடி காதில் விழுகிறது. தாராளமாகத் தொடங்குங்கள். சுவர்த்தாளில் மட்டும் தொடங்காதீர்கள்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கில டிசைனர் வில்லியம் மொரிஸைப் பாருங்கள். 1861இல் நண்பர்களோடு கொம்பனி தொடங்கியவர், முதல் சுவர்த்தாளைத் துத்தநாகத் தகட்டில் எண்ணெய்ச் சாயத்தால் தானே அச்சடிக்கப் பார்த்தார். சரிவரவில்லை. பேரிமரக் கட்டையில் செதுக்குவித்து, அச்சடிப்பை ஜெஃப்ரி என்ற சுவர்த்தாள் கொம்பனியிடம் விட்டுவிட்டார். அந்த விட்டுக்கொடுத்தலில்தான் அவர் வியாபாரியானார் என்பேன். துணிச் சாயத்தை மட்டும் தானே இருந்து கற்றார். 1881இல் லண்டனுக்கு அருகே மேர்ட்டன் அபேயில் சொந்தப் பட்டறை, 1883இல் அவுரி நீலத்தை வெளுத்தெடுத்து அச்சடித்த 'ஸ்ட்ரோபெரி தீஃப்' துணி. அதற்குள் 20 வருடம் கடந்துவிட்டது. 1940இல் கொம்பனி மூடியபோது சுவர்த்தாள் அச்சுக்கட்டைகள் சாண்டர்சன் என்ற சுவர்த்தாள் கொம்பனிக்குப் போயின. அந்த டிசைன்கள் இன்றும் விற்கின்றன.

நம் நாட்டில் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட் கொம்பனி கைத்தறித் துணியின் நிறப் பட்டைகளில் வளர்ந்தது. கெட்டிக்காரத்தனம்! பட்டைக்கு அச்சு வேண்டாம், எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்கே டிசைன். அந்தத் துண்டுச்சீட்டு இருந்தால் எந்த நெசவாளியும் அதையே திரும்ப நெய்வார்.

படம் வரைபவர்கள் சறுக்குவது இந்தத் 'திரும்ப' என்ற இடத்தில். படத்தை நாலாக வெட்டி, மூலைகளை எதிரெதிராக மாற்றி ஒட்டுங்கள். நடுவில் சிலுவைபோல வெற்றிடம் வரும். அதை வரைந்து நிரப்பினால்தான் அடுக்கும் வடிவம் கிடைக்கும். மேசையில் அழகாகத்தான் இருக்கும். 3 மீற்றர் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நின்றால் இலைகளுக்கு இடையே வெள்ளைக் கோடுகள் ஓடுவது தெரியும். பக்கத்து வரிசையைப் பாதி உயரம் இறக்கி அடுக்கினால் பெரும்பாலும் மறையும்.

சுவர்த்தாளில் அதே வடிவம் காசையும் தின்னும். ஐரோப்பிய சுருள் 53 சென்ரிமீற்றர் அகலம், 10.05 மீற்றர் நீளம். எட்டடிச் சுவருக்கு வெறும் தாள் என்றால் ஒரு சுருளில் 4 துண்டு. வடிவம் 64 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை திரும்பினால், பூவோடு பூ பொருந்த 3 துண்டுதான். மிச்சம் குப்பைக்கு.

துணி அச்சுக்கு வந்தால், முதல் எதிரி கிணற்றுத் தண்ணீர். கரையோரக் கிணறுகளின் சுண்ணாம்பு, சாயத்தைக் கெட்டியாக்கக் கலக்கும் அல்ஜினேற் பசையைக் கட்டிபட வைக்கும். ஸ்க்ரீன் அடைக்கும், நிறம் மங்கும். மழைநீரைச் சேருங்கள், அல்லது கிலோ பசைக்கு 5 கிராம் கல்கன் (தண்ணீரின் சுண்ணாம்பைக் கட்டிப்போடும் தூள்) கலந்துகொள்ளுங்கள். பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயம் என்றால், அதே ஒரு கிலோ பசைக்கு யூரியா 100 முதல் 150 கிராம், அப்பச்சோடா 20 முதல் 30 கிராம். யூரியா ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால் மாரியில் குறைந்த அளவில் நில்லுங்கள்; கூடினால் ஆவியில் வைக்கும்போது ஓரம் கசியும். கச்சான் காற்றில் கூட்டுங்கள், இல்லாவிட்டால் சாயம் துணியைப் பிடிக்காமல் கழுவும்போது போய்விடும்.

சரி, சுவர். கடல் மணல் கலந்த பூச்சில் உப்புப் பூக்கும். படிகம் வளர வளரத் தாளை நெம்பித் தள்ளும். மாப்பசை பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. வினைல் தாளோ ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், ஆறு மாதத்துக்குப் பிறகு உரித்தால் பின்புறம் கறுப்பு. இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் சுவரில் ரேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். உள்ளே துளி கட்டியிருந்தால் அங்கே தாள் நிற்காது.

இதற்கு நம் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலுக்கு அவர் கொடுத்தது பத்திக் துணி. அதுவும் சுவரில் அல்ல, கூரையின் உட்புறத்தில். இங்கேயும் 2க்கு 1 அங்குல ரீப்பைச் சட்டத்தில் துணியை இழுத்து அடித்து மாட்டலாம். மேலும் கீழும் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். இரும்பு ஸ்ரேப்பிள் வேண்டாம், கடல்காற்றில் துருப்பிடித்துத் துணியில் மஞ்சள் இறக்கும். துருப்பிடிக்காததை வாங்குங்கள். கழற்றிக் கழுவலாம், கிழிந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றலாம்.

மாற்றும் நாளில் அதே நீலம் வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் இரண்டங்குலத் துண்டு வெட்டிக் கொப்பியில் ஒட்டி, சாய அளவு, எந்தத் தண்ணீர், மாரியா கச்சானா என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். ஹோட்டல்காரர் ஒரு வருடம் கழித்து வந்து இன்னும் 6 மீற்றர்தான் கேட்பார்.