40 நிமிஷம், மறுகா 30 வருஷம்

அமெரிக்க ராப்பர் நாஸ்ட பின்காலத்து அல்பம் 'கிங்ஸ் டிசீஸ் 3' அவர்ட முதல் அல்பம் 'இல்மாட்டிக்'குக்குக் கிட்ட வந்திட்டு எண்டு எழுதுறவங்களும், 1994க்குப் பிறகு அந்த மனிசன் ஒண்டுமே செய்யல்ல எண்டு எழுதுறவங்களும் ஒரே பிழையைத்தான் விடுறாங்க. ரெண்டு பக்கமும் வரியையும் பீட்டையும் (குரலுக்குப் பின்னால ஓடுற தாள இசை) மட்டும்தான் நிறுக்குது. ஒரு அல்பத்தில எத்தின பாட்டு இருக்கு, அதில எத்தின பாட்டு இல்லாமலே போயிருக்கலாம் எண்டதை யாரும் பார்க்கிறல்ல. என்ட கணக்கில நாஸ் எழுத்தில விழுந்தது குறைவு. விழுந்ததெல்லாம் தெரிவிலதான்.

'இல்மாட்டிக்' 1994 ஏப்ரல் 19 வந்தது. அறிமுகத் துண்டையும் சேர்த்து 10 தடம், எல்லாம் 40 நிமிஷத்துக்குள்ள. நாஸுக்கு அப்ப 20 வயசு. கூட வந்து ராப் பாடினது ஏ.இசட். ஒராள்தான். பீட் போட்டதில டீஜே பிரீமியர், லார்ஜ் புரொஃபெசர், பீட் ரொக், கியூ-டிப், எல்.ஈ.எஸ். எண்டு அஞ்சு பேர். அஞ்சு கை பட்ட கறி உப்புக்கரிக்க வேணும், ஆனா இது கரிக்கல்ல. காரணம் அந்தக் காலத்து மெஷின். எஸ்.பி. 1200 எண்ட சாம்ப்ளர்ல மொத்தமா 10 செக்கன் அளவுதான் ஒலி பிடிக்கும். பழைய ஜாஸ், சோல் தட்டில இருந்து சின்னத் துண்டொண்டை வெட்டித் திருப்பித் திருப்பி ஓட விடுறதுதான் வழி. 'த வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில பீட் ரொக் எடுத்தது அஹ்மட் ஜமால்ட பியானோத் துண்டொண்டு. பீட்டில வேற அலங்காரம் இல்லாததால குரலுக்கு இடம் கிடைச்சிட்டு.

சுருக்கமா வந்ததுக்குக் களவுக் கசெட்டுக்கும் பங்கிருக்கு. வெளிவர முன்னமே பிரதி பரவினதால அவசரமா முடிச்சு விட்டாங்க. 5 வருஷம் கழிச்சு அதே களவு அவரை அடிச்சும் போட்டிருக்கு, அதைக் கீழ சொல்லுறன்.

முதல் அல்பம் ஏன் திரும்ப வராது எண்டு நம்மட பக்கத்து ஆக்களுக்கு விளக்குறது லேசு. நம்மட கூத்தில அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்குற ஆசான், சட்டம் கொடுக்கிறது, கிழமைக்கூத்து, அடுக்குப் பார்க்கிறது, சதங்கை கட்டுறது எண்டு எல்லாப் பழக்கமும் முடிஞ்சு, மறுகாதான் களரியில அரங்கேற்றம். மாசக்கணக்கில காலில ஊறின தாளம் ஒரு ராவில வெளியில வருது. நாஸ் நியூயோர்க் குவீன்ஸ்பிரிட்ஜ் மாடிக் குடியிருப்பில சின்ன வயசில இருந்து கொப்பியில எழுதினதெல்லாம் அந்த 10 தடத்துக்குள்ள இறங்கிட்டு. ரெண்டாவது அல்பத்துக்கு அவருக்குக் கிடைச்சது 2 வருஷம்.

'என்.வை. ஸ்டேட் ஒஃப் மைண்ட்' பாட்டைக் கேளுங்க. தொடக்கத்தில எப்பிடித் தொடங்குறதெண்டு தெரியல்ல எண்டு முணுமுணுத்திட்டு, அப்பிடியே உள்ள குதிக்கிறார். கையால ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு தட்டிக்கொண்டு கேட்டா, ரெண்டிலயும் நாலிலயும் ஸ்நேர் (சுள்ளெண்டு கேட்கிற ட்ரம் அடி) விழும். சாதாரண ராப்பர் நாலில வசனத்தை முடிச்சு மூச்செடுப்பார். இவர் வசனத்தை நாலைத் தாண்டி அடுத்த வரிக்குள்ள இழுத்துக்கொண்டு போறார், ஒலி ஒத்த சொல் வரிக்கு நடுவிலயும் விழுது. நம்மட தமிழ் ராப் தம்பிமார் கடைசிச் சொல்லில மட்டும் இயைபு வைக்கிறதால பாட்டு ரெண்டாம் நிமிஷத்திலயே சலிக்குது. அதுக்கு மருந்து இந்த ஒரு பாட்டிலயே இருக்கு. 'வன் லவ்' சிறையில இருக்கிற கூட்டாளிமாருக்கு எழுதுற கடிதம். மட்டக்களப்பில அதுக்கு உரை எழுதத் தேவையில்லை.

1996இல வந்த 'இட் வோஸ் ரிட்டன்' கெட்ட அல்பம் இல்ல. ட்ராக்மாஸ்டர்ஸ் எண்ட பீட் போடுற கூட்டணி போட்ட பளபளப்புக்குள்ளயும், துவக்கு பேசுற மாதிரி எழுதின 'ஐ கேவ் யூ பவர்' இருக்கு. 1999இல வந்த 'ஐ ஆம்' ரெட்டை அல்பமாத் திட்டம் போட்டது. பாட்டுகள் இணையத்தில கசிஞ்சதால நல்லதையெல்லாம் தூக்கிட்டு வேற போட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல அவசரத்தில வந்த 'நாஸ்ட்ரடாமஸ்' அவர்ட ஆகக் கீழான வேலை. தூக்கினதில சிலது 2002இல 'த லொஸ்ட் டேப்ஸ்' எண்டு வந்து, அது ரெண்டையும் விட நல்லா நிண்டது. கொப்பியில சரக்கு இருந்திருக்கு, கடையில வைச்சதுதான் பிழை.

2004இல வந்த 'ஸ்ட்ரீட்ஸ் டிசைப்பிள்' ரெண்டு தட்டு. ஒண்டாச் சுருக்கியிருந்தா இண்டைக்கும் பேசுவோம். சின்னதா இருந்தா மட்டும் காணும் எண்டும் நினைக்க வேணாம். 2018இல கன்யே வெஸ்ட் பீட் போட்ட 'நாசிர்' 7 பாட்டுத்தான், பீட்டெல்லாம் பெரிசு, ஆனா நாஸ்ட வரிகள் அரைவேக்காடு.

பின்காலத்தில நான் முன்னுக்கு வைக்கிறது 2012இல வந்த 'லைஃப் இஸ் குட்'. அட்டையில பிரிஞ்சு போன மனைவிட கல்யாண உடுப்பை மடியில போட்டுக்கொண்டு இருக்கிறார். 20 வயசு நாஸால 'டோட்டர்ஸ்' எழுதேலாது. வளர்ந்த மகளைப் பார்த்துத் தகப்பன் முழிக்கிற முழி அது.

பீட் போடுற ஹிட்-போயோட 2020 ஓகஸ்ட்ல இருந்து 2023 செப்டெம்பர் வரைக்கும் 6 அல்பம், எழுபதுக்கு மேல பாட்டு. முதலாவது 'கிங்ஸ் டிசீஸ்' கிராமியும் எடுத்தது. 'கிங்ஸ் டிசீஸ் 3'இல விருந்தாளி ராப்பர் ஒருத்தரும் இல்ல, 49 வயசில குரல் தடிச்சிருக்கு, மூச்சு விடுற இடமும் தெளிவு. 'வன்ஸ் எ மேன், ட்வைஸ் எ சைல்ட்' முதுமையை நேரா முகத்தில பார்க்குது. ஆனா ஆறையும் அடுத்தடுத்துக் கேட்டா ஒரே ஆள்ட ட்ரம் சத்தம் காதில ஒட்டிக்கொள்ளும், பெருமையடிச்சதையே திரும்ப அடிக்கிறதும் தெரியும். அதில 12 பாட்டைத் தெரிஞ்சு ஒரு அல்பம் ஆக்கியிருந்தா இந்தச் சண்டைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

புதுசாக் கேட்கிறவங்களுக்கு: 'இல்மாட்டிக்', 'த லொஸ்ட் டேப்ஸ்', 'லைஃப் இஸ் குட்', 'கிங்ஸ் டிசீஸ் 3' எண்ட ஒழுங்கில போங்க. போன் ஸ்பீக்கர்ல வேணாம், அடித்தொனி வராது, பிரீமியர்ட பீட்டில பாதி காணாமப் போயிடும். கல்முனை பஸ்ஸிலயும் வேணாம், அங்க ட்றைவர்ட பாட்டுத்தான் வெல்லும். ஷஃபிளை நிப்பாட்டுங்க. முதல் தரம் வரிகளைப் பார்க்காமக் கேட்டு, ரெண்டாம் தரம் வரிகளை வைச்சு ஒத்த ஒலிகளைக் கோடு போடுங்க. 2001 'ஸ்டில்மாட்டிக்'கில இருக்கிற 'ரீவைண்ட்' மட்டும் விதிவிலக்கு. அதில கதை முடிவில இருந்து பின்னோக்கி ஓடுது, சன்னம் உடம்பை விட்டுத் துவக்குக்குள்ள திரும்பிப் போகுது. அதுக்கு முதல் தரமே வரிகள் கையில வேணும்.