அக்கா வீட்டு பீரோவில் ஒரு கேமரா

போன வாரம் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டு பீரோவைத் திறந்தால், ஆறேழு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லி வாங்க வைத்த கேனான் 1500டி பையோடு அப்படியே கிடக்கிறது. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை. டயல் இன்னும் ஆட்டோவில்தான், அதாவது எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிற இடத்தில்தான், நிற்கிறது.

அக்கா அன்றைக்குக் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். பாப்பா ஓடும்போது எடுத்தால் கலங்கக் கூடாது, ராத்திரி டியூப்லைட்டில் முகம் தெளிவாக விழ வேண்டும். நான் அதைக் காதில் வாங்காமல் சென்சார் அளவு, பிறகு கம்ப்யூட்டரில் திருத்த வசதியான ரா ஃபைல், பின்னால் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி, கேமராவோடு சேர்த்து விற்கிற 18-55 எம்எம் கிட் லென்ஸோடு, தூரத்தில் இருப்பதை எடுக்கிற 55-250 லென்ஸையும் தலையில் கட்டிவிட்டேன். அந்தக் கிட் லென்ஸை 50-க்கு ஜூம் செய்தால் எஃப்5.6-க்கு மேல் திறக்காது; இந்த எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸின் வாய் பெரிதாகும். அதற்குப் பதில் ஒரு 50 எம்எம் எஃப்1.8 போட்டிருந்தால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும், ஷட்டரை வேகமாக மூடிக் கலங்காமல் எடுத்திருக்கலாம், அவள் கேட்டதற்கு அதுதான் பதில்.

ஞாயிற்றுக்கிழமை பாரூர் ஏரிக்குப் பறவை எடுக்கப் போகிற நம் ஆட்களிடம் எனக்கு இருக்கிற வருத்தமும் இதுதான். ஆட்டோவில் எடுக்கிறவனுக்கு எதுக்குய்யா கேமரா என்று பேசுகிறோம். 2010-ல் உலகம் முழுக்க விற்பனைக்குப் போன சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களில் பத்துக் கோடிக்கு மேல் லென்ஸ் மாற்ற முடியாத சின்ன கேமராதான், வாங்கியது முக்கால்வாசியும் அந்த ஆட்டோ ஆட்கள். 2019-ல் அந்தச் சின்ன கேமரா 70 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பெரும்பகுதியை செல்போன் கொண்டுபோனது, சரி, ஆனால் கடைக்கு வந்தவர்களை மிரட்டி அனுப்பியதில் நமக்கும் பங்கு இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் கம்பெனி என்ன செய்யும், விலை கூடிய மாடலைத்தான் கவனிக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான விலை குறைந்த கேமராவாக 2018-ல் வந்த நிக்கான் டி3500-க்குப் பிறகு அந்த வரிசையில் ஒன்றுகூட வரவில்லை. இன்று புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற காலேஜ் பையன் எதை வாங்குவான்? ஆகவே யாராவது கேமரா கேட்டால் மாடல் பெயரை ஆரம்பிக்காதீர்கள், எதை எடுக்கப் போகிறீர்கள், எந்த வெளிச்சத்தில் என்று முதலில் கேளுங்கள்.

பேட்டரியை சார்ஜ் போட்டு, மெமரி கார்டைப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் படம்தான். கடைசிப் படம் பாப்பாவின் முதல் பிறந்தநாள். கேக், பலூன், பின்னால் நிற்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் தெளிவாக இருக்கிறது, பாப்பா முகம் மட்டும் கலங்கியிருக்கிறது.