கொரியா போகிற பிள்ளைகளுக்கு முதலில் தேதியைச் சொல்லுங்கள்

அடுத்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி 2027 ஆகஸ்ட் 1 முதல் 12 வரை தென் கொரியாவின் சுங்சோங் வட்டாரத்தில் நடக்கப்போகிறது. நம் கல்லூரிகளில் படித்துக்கொண்டே ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற பிள்ளைகளில் கொஞ்சம் பேர் இந்தியச் சீருடை போட்டுக்கொண்டு அங்கே போவார்கள். யார் போவார்கள் என்பது எனக்குக் கவலையே இல்லை, திறமைக்கு இங்கே பஞ்சம் கிடையாது. போவதற்கு முந்தைய சீசனை நாம் அவர்களுக்கு எப்படி அமைத்துக் கொடுக்கப்போகிறோம் என்பதுதான் என் கவலை.

போன தடவை, 2025 ஜூலையில், ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்தபோது தடகளத்தில் நம் பிள்ளைகள் செய்ததை நிறைய பேர் கவனிக்கக்கூட இல்லை. நம்ம தமிழ்நாட்டுப் பிரவீன் சித்ரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.66 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். 2022 காமன்வெல்த்தில் 16.89 தாண்டியும் வெறும் 3 சென்டிமீட்டரில் வெண்கலத்தைக் கைவிட்டு நாலாவதாக வந்தவர், அடுத்த வருஷமே கியூபாவின் ஹவானாவில் 17.37 தாண்டித் தேசிய சாதனை படைத்தவர் இவர். சீமாவுக்கு 5000 மீட்டரில் வெள்ளி. அங்கிதா தியானி தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடுகிற 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 9 நிமிடம் 31.99 விநாடியில் ஓடி வெள்ளி, அதுவரை அவர் ஓடியதிலேயே வேகமான நேரம் அது. வாழ்க்கையின் சிறந்த ஓட்டத்தைப் பெரிய போட்டி நாளன்று ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஆண்கள் 4x100 ரிலே அணிக்கு 38.89 விநாடியில் வெண்கலம், பெண்கள் 20 கிலோமீட்டர் நடைப்போட்டியில் அணி வெண்கலம்.

ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியது பாட்மின்டன் விவகாரத்தைத்தான். 12 பேர் அவ்வளவு தூரம் போனார்கள். மேலாளர்கள் கூட்டத்தில் எல்லாருடைய பெயரையும் முறையாகக் கொடுக்காததால் 6 பேரைக் களத்தில் இறங்கவே விடவில்லை. மீதிப் பேர் ஆடி வெண்கலம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தன் இணைச் செயலாளரை இடைநீக்கம் செய்து விசாரணைக்குழு போட்டது, சரி. ஆனால் அந்த ஆறு பேருக்கு அந்தப் போட்டி திரும்ப வருமா? இந்தப் போட்டிக்கு வயது உச்சவரம்பு இருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது, படிப்பு முடித்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் தகுதியும் போய்விடும். தடகளத்தைப் பற்றிப் பேசும்போது பாட்மின்டனை ஏன் இழுக்கிறாய் என்று கேட்டால், இரண்டு அணியையும் அனுப்புவது அதே சங்கம்தான்.

பெயர்ப் பட்டியல் குளறுபடி எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத குளறுபடி ஒன்று வருஷா வருஷம் நடக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி நடந்த மாதங்களைப் பாருங்கள். 2020இல் புவனேஸ்வரத்தில் பிப்ரவரி கடைசி. 2022இல் பெங்களூரில் ஏப்ரல்-மே. 2023இல் உத்தரப் பிரதேசத்தில் மே கடைசி, ஜூன் தொடக்கம். 2024இல் வடகிழக்கு மாநிலங்களில் பிப்ரவரி. 2025இல் ராஜஸ்தானில் நவம்பர்-டிசம்பர். நாட்டிலேயே பெரிய கல்லூரிப் போட்டிகளில் ஒன்று இப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு மாதத்தில் வந்தால் ஒரு பயிற்சியாளர் எதை வைத்துத் திட்டம் போடுவார்?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தடகள வீரரின் உடம்பு சுவிட்சைப் போட்டதும் எரிகிற விளக்கு கிடையாது. முதலில் சில மாதங்கள் அடிப்படை பலத்துக்கும் ஓட்டத்துக்கும் போகும், பிறகு வேகப் பயிற்சி, அதற்கப்புறம் சுமையைக் குறைத்து உடம்பை ஆறவிட்டுப் போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வருஷத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் ஒருவரை அந்த உச்சத்துக்குக் கொண்டுபோக முடியும். நம் பிள்ளைகளோ கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி, கேலோ இந்தியா, மாநில மீட், தேசிய மீட் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிறார்கள், ஏனென்றால் எதை விட்டாலும் சான்றிதழோ உதவித்தொகையோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையோ போய்விடும் என்ற பயம். நடுவில் இரண்டு செமஸ்டர் தேர்வு. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு கேட்கிற ஓ.டி. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறைத்தலைவர் அறை வாசலில் நிற்கிற நேரம் தனி. ஜூலை, ஆகஸ்டில் உலகப் போட்டி வரும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் போய், உனக்கு மனவலிமை போதாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நம்மால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத் தடகளத்தில் மங்களூர்ப் பல்கலைக்கழகம் பல வருஷம் தொடர்ந்து மேலே நின்றதற்குப் பெரிய காரணம் கர்நாடகத்தின் மூடபித்ரியில் இருக்கிற ஆல்வாஸ் கல்லூரி. பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு சின்ன ஊர்க் கல்லூரி செய்வதைத் தலைநகரங்களில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

ரிலேயையும் பாருங்கள். ஜெர்மனியில் வெண்கலம் வாங்கிய நால்வரில் அனிமேஷ் குஜூரும் மணிகண்ட ஹோப்ளிதாரும் அதே வருஷம் ஏப்ரலில் சண்டிகரில் 38.69 விநாடி ஓடித் தேசிய சாதனை படைத்த அணியிலும் இருந்தவர்கள். ஜூலை தொடக்கத்தில் அனிமேஷ் கிரீஸில் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடி அதிலும் தேசிய சாதனை படைத்துவிட்டுத்தான் ஜெர்மனி போனார். ஓடிக்கொண்டே அடுத்தவர் கையில் பேட்டன் என்கிற கோலை மாற்றுவது பழக்கத்தில் வருகிற விஷயம். நாலு வேகமான ஆட்களை விமான நிலையத்தில் அறிமுகப்படுத்தி வைத்தால் அது அணி ஆகிவிடாது. கொரியாவுக்குப் போகிற ரிலே பிள்ளைகள் குறைந்தது அந்தக் கோடைக்காலம் முழுவதும் ஒன்றாக ஓடியிருக்க வேண்டும்.

இன்னொன்று, கொரியாவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஒன்பது மணிக்கு ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று, என்றால் நம் பிள்ளையின் உடம்புக்கு அப்போது விடியற்காலை ஐந்தரை. ஆகஸ்டில் அங்கே வெயிலோடு புழுக்கமும் இருக்கும். போட்டிக்கு முதல் நாள் கொண்டுபோய் இறக்கிவிட்டால் என்ன ஓடுவார்கள்? குறைந்தது ஒரு வாரம் முன்னால் போக வேண்டும். கூடப் போகிறவர்களில் அந்தப் பிள்ளைகளைத் தினமும் மைதானத்தில் பார்த்த பயிற்சியாளர்கள் இருக்க வேண்டும். மும்முறைத் தாண்டுதலில் ஓடிவருகிற தொடக்கக் குறியை அரை அடி தள்ளி வைக்கலாமா என்று அங்கே கேட்க ஆள் வேண்டாமா? பிசியோ ஒருவர் வேண்டும். போட்டி விதிமுறைப் புத்தகத்தை வரி விடாமல் படித்த மேலாளர் ஒருவர் வேண்டும். இந்த இடங்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பல்கலைக்கழகங்களின் சங்கமும் விளையாட்டு அமைச்சகமும் உட்கார்ந்து பேசி 2026-27 சீசனின் எல்லாத் தேதிகளையும் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும், எந்தப் போட்டியை வைத்து அணியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும், தடகள அணியை மே மாதத்துக்குள் அறிவித்துவிட வேண்டும். கல்லூரிகளில் வேலை செய்கிற நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 2027 ஏப்ரல்-மே செமஸ்டர் தேர்வு நேரத்தில்தான் முகாமும் வரும். உங்கள் துறையில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவருக்குத் தனியாகத் தேர்வு வைக்க முடியுமா என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். 2027 மார்ச்சில் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்றுதான் பதில் வரும்.