தேதி ஒரு நாள் பின்னால் போவது இதனால்தான்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இன்றைய தேதி வேண்டுமென்றால், தேதியையும் நேரத்தையும் எழுத்தாக்கித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) போட்டு முதல் 10 எழுத்தை வெட்டி எடுத்தால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. ஆனால் அது எப்போதும் யுடிசி (UTC, உலகப் பொது நேரம்) தேதியைத்தான் தரும், உள்ளூர் தேதியை அல்ல. யுடிசிக்கு 5 மணி நேரம் முன்னால் இருக்கும் இடத்தில் அதிகாலை 3 மணிக்கு ஓட்டிப் பாருங்கள், நேற்றைய தேதி வரும். பகலில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

அப்புறம், 2024-03-10 என்று வெறும் தேதியைக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்டின் தேதி வகையான டேட் (Date) அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கூடவே நேரத்தையும் எழுதி, கடைசியில் யுடிசியைக் குறிக்கும் இசட் (Z) போடாமல் விட்டால் உள்ளூர் நேரமாம். யார் யோசித்தார்களோ! முதல் வகையில், யுடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருப்பவருக்கு நாளைத் தரும் கெட்டேட் (getDate) 10-க்குப் பதில் 9 என்றே சொல்லும். பிறந்தநாள் மாதிரியான தேதிகளை ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே சேமிப்பது நல்லது. டேட் ஆக்கித்தான் ஆகவேண்டும் என்றால், காட்டும்போது டைம்ஸோன் (timeZone, நேர மண்டலம்) யுடிசி என்று கொடுத்துவிடுங்கள்.