ஜி.இ.டி. பாஸ்... அப்புறம்?

அமெரிக்காவில் பள்ளியைப் பாதியில் விட்டவர் ஒருவர், முப்பது நாற்பது வயதில் வயதுவந்தோர் கல்வி வகுப்பில் சேர்ந்து பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு நிகரான ஜி.இ.டி. தேர்வை பாஸ் செய்தால் எல்லோரும் கைதட்டுகிறோம். போட்டோ எடுத்துப் போடுகிறோம். சரி, நல்லதுதான். ஆனால் கல்லூரிக்குப் போக நினைப்பவருக்குச் சிக்கலே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஜி.இ.டி.யில் ஒரு பாடத்துக்கு 145 எடுத்தால் பாஸ். கல்லூரிக்குத் தயார் என்று தேர்வை நடத்துகிறவர்களே சொல்வது 165-ஐ. நடுவில் இருக்கும் 20 மதிப்பெண்ணை யார் சொல்லிக்கொடுப்பது? 145-ஐ வைத்துக்கொண்டு கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரிக்குப் போகிறவரைப் பல இடங்களில் மறுபடியும் பள்ளிப் பாடத்தையே திரும்பச் சொல்லித்தரும் ரெமெடியல் கணக்கு வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த ரெமெடியல் வகுப்புகள் மேல்தான் எனக்குக் கோபம். பட்டத்துக்கு அவை சேராது, பணம் மட்டும் கட்ட வேண்டும். பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க 12 முழுநேரப் பருவங்களுக்குத்தான். அதில் ஒரு பங்கைப் பின்னமும் தசமமும் படித்தே கரைத்துவிட்டால் கடைசியில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2009-ல் கியூனி ஸ்டார்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. பட்டப்படிப்பில் சேரும் முன்பே வாசிப்பு, எழுத்து, கணக்கு; கூடவே ஓர் ஆலோசகர். கட்டணம் 75 டாலர். உதவித்தொகையில் கைவைக்கவே வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வாஷிங்டன் மாநிலத்தின் ஐ-பெஸ்ட் திட்டம். வெல்டிங் வகுப்பு என்றால் தொழில் ஆசிரியரும் அடிப்படைக் கல்வி ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்துகிறார்கள். அளவெடுக்கும்போது பின்னம் இடித்தால் அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள். மாணவருக்குக் கல்லூரிப் படிப்புக்குச் சேரும் கிரெடிட்டும் ஏறிக்கொண்டிருக்கும். "முதலில் அடிப்படையை முடித்துவிட்டு வா" என்ற பேச்சே இல்லை. ரெண்டு ஆசிரியருக்குச் சம்பளமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பாதியில் நின்றுபோனவருக்காகச் செலவான பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவதாம்?

பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கும் மத்திய அரசு உதவித்தொகைக்கு ஒரு வழி உண்டு. அடிப்படைக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் இணைத்த, தகுதியுள்ள திட்டத்தில் சேர்ந்து 6 கிரெடிட் முடித்தால் போதும். அந்த 6 கிரெடிட்டுக்குப் பதிலாக அங்கீகரித்த தேர்வு ஒன்றில் தேறினாலும் சரி. 2012-ல் அடைத்த வழி, 2014 கடைசியில் பாதி திறந்தது. இதையெல்லாம் வயதுவந்தோர் வகுப்பிலேயே சொல்ல வேண்டாமா?

உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தையும் அங்கேயே உட்கார்ந்து நிரப்பலாம். 24 வயதைத் தாண்டியவர் பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஜி.இ.டி.க்குப் பாடம் எடுத்த ஆசிரியரே கல்லூரியின் முதல் பருவத்திலும் வாரம் ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்கட்டும், அந்த நேரத்துக்கும் அவருக்குச் சம்பளம் கொடுங்கள். வகுப்பு நடத்துகிறவர்களிடம் எத்தனை பேர் பாஸ் என்று இதுவரை கேட்டது போதும். கல்லூரியில் இரண்டாம் பருவத்துக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.