‘இன்னும் இரண்டு வருடம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு

புதிய ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா 2025 செப்டம்பரில் அறிவித்ததிலிருந்து, சேலத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். இலையில் சாம்பார் விழுவதற்குள் “உங்கள் பையன் எப்போது வருகிறான்?” என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் வீட்டுப் பெண் நியூஜெர்சியில் இருப்பாள். பதில் சொல்பவர் வீட்டுப் பையன் டல்லாஸில் இருப்பான். பதில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “இன்னும் இரண்டு வருடத்தில் வந்துவிடுவான்.”

என் வேலைக்காலம் முழுவதும் இந்தப் பதிலைக் கேட்டவள் நான். ஒரு பொதுத்துறை வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியர்களின் கணக்குகளைப் பார்க்கும் மேசை என்னுடையது. டிசம்பர் பிறந்தால் பாஸ்போர்ட் நகலும் முதிர்வடைந்த டெபாசிட் ரசீதுமாக வந்து நிற்பார்கள். எத்தனை வருடத்துக்குப் புதுப்பிக்கட்டும் என்று கேட்டால், “இரண்டு வருடம் போடுங்கள் மேடம், அதற்குள் வந்துவிடுவோம்” என்பார்கள். அதே ஆட்கள் அதே தொகையை இரண்டிரண்டு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஊரோடு வந்து சேர்ந்தது நான்தான், ஓய்வு பெற்று.

திரும்பி வராததில் ஒரு தப்பும் இல்லை என்பது என் கட்சி. திரும்பி வருவதில் தனிப் பெருமையும் கிடையாது. ஆனால் எதையும் சொல்லாமல் இருபது வருடம் இழுத்தடிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இழுபறிக்கான வாடகையை அங்கே இருப்பவர்கள் கட்டுவதில்லை, இங்கே இருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

விசாவில் தொங்கிக்கொண்டிருப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் நிலைமை பரிதாபமானது. வேலை அடிப்படையில் அமெரிக்கா வருடத்துக்குத் தரும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. அதில் எந்த நாட்டுக்காரருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. அதனால் நம்மவர்களின் வரிசை வருடக்கணக்கில் நீள்கிறது. இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு போன குழந்தைக்கு 21 வயது ஆனால், பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து அது கழன்றுவிடக்கூடும். அமெரிக்க உச்சரிப்பில் மட்டுமே பேசத் தெரிந்த அந்தப் பிள்ளை, தான் வளர்ந்த ஊரிலேயே மாணவர் விசாவுக்கு மனுப் போட வேண்டும். அப்பாவுக்கு வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். இவர்களிடம் போய் “இருக்கலாமா, வரலாமா என்று முடிவு செய்” என்று சொல்வது அநியாயம். அவர்கள் முடிவு வேறு யாருடைய மேசையிலோ கிடக்கிறது.

நான் சொல்வது குடியுரிமையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் “வரலாமா வேண்டாமா” என்று பாடுபவர்களை. இரட்டைக் குடியுரிமை நம் சட்டத்தில் இல்லை. அங்கே உறுதிமொழி எடுத்த அன்றே இங்கே இந்தியர் என்ற தகுதி போய்விட்டது. இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்து வாழ்நாள் முழுவதும் வந்து போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது. மறுபடி இந்தியராக வேண்டுமென்றால், ஓசிஐ பதிவாகி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இங்கேயே வசித்திருக்க வேண்டும், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டும். இப்படி விண்ணப்பித்த ஒருவரைக்கூட என் மேசையில் நான் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மண்வாசனை சட்டென்று அடங்கிவிடுகிறது.

மனசு இழுக்கிறது என்று கண் கலங்குபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போட்டுவைத்திருக்கும் என்ஆர்இ கணக்கை என்ன செய்யப் போகிறீர்கள்? பாதிப் பேர் விழிப்பார்கள். நிரந்தரமாகத் தங்குவதற்கென்று வந்து இறங்கிவிட்டால், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் உள்நாட்டுவாசி. என்ஆர்இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அதோடு போகும். ஆனால் நீண்ட காலம் வெளியே இருந்து வருபவர்களுக்கு வருமான வரிச் சட்டம் ஒரு இடைவெளி தருகிறது: முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாடுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இங்கே தங்கியது 729 நாளைத் தாண்டாமல் இருந்தாலோ, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அங்கே வரும் வருமானத்துக்கு இங்கே பெரும்பாலும் வரி இல்லை. வருவதற்கு முன்பே உட்கார்ந்து திட்டம் போட்டால் இதில் எவ்வளவோ மிச்சம் பிடிக்கலாம். வந்து இறங்கி ஒரு வருடம் கழித்து, “கணக்கை மாற்ற வேண்டுமா மேடம்?” என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

அந்தப் பக்கத்துக் கணக்கு இதைவிடக் கடுமை. அமெரிக்கக் குடிமகன் சேலத்தில் குடியிருந்தாலும் உலகம் முழுவதிலும் இருந்து வரும் வருமானத்தை அங்கே வருடாவருடம் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் இருப்பது மொத்தமாக 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. கிரீன் கார்டுக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பார். கடந்த 15 ஆண்டுகளில் 8 ஆண்டு அட்டை இருந்திருந்தால் குடியுரிமையைத் துறப்பவருக்கு உள்ள விதிகள் அவருக்கும் பொருந்தும். சொத்து மதிப்பு 20 லட்சம் டாலருக்கு மேல் என்றால், எதையும் விற்காமலே எல்லாவற்றையும் விற்றதாகக் கணக்குப் போட்டு வரி கேட்பார்கள். அங்கத்திய ஓய்வூதியத்துக்குப் பத்து வருட உழைப்பு வேண்டும். இரு நாட்டுக்கும் இது பற்றி ஒப்பந்தம் இல்லாததால், ஒன்பதாவது வருடம் கிளம்பி வந்தால் கட்டியது கட்டியதுதான். முதியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்காது. சிங்கப்பூர் கணக்கு வேறு மாதிரி: நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு ஒரேயடியாகக் கிளம்பினால் அந்த நாட்டுச் சேமநிதியான சிபிஎஃப் பணம் கைக்கு வரும். ஆனால் பெற்றோர் வழியில் நிரந்தரவாசம் பெற்ற மகன் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியைச் செய்யாமல் கிளம்பினால், பிற்பாடு அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ போகும்போது அது குறுக்கே நிற்கும்.

எட்டு, பத்து, இருபத்தொன்று என்று இத்தனை எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் உண்டு. எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரே எண், நீங்கள் அம்மாவிடம் சொல்லும் அந்த இரண்டு.

ஏற்காட்டுக் கனவுக்கு வருகிறேன். “ஓய்வு பெற்றதும் ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம், நடுவில் ஒரு வீடு, கொடியில் மிளகு.” இதைச் சொல்லாத வெளிநாட்டுச் சேலத்துக்காரரை நான் பார்த்ததில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி, ஏரியில் படகு ஓட்டி, திரும்பும் வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, நேராக வங்கிக்கு வந்து விலை விசாரித்தவர்கள் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியரோ ஓசிஐ அட்டைக்காரரோ விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உடனே அடுத்த யோசனை: “மச்சான் பெயரில் வாங்கிப் போட்டால்?” பினாமிச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மச்சான் பெயரில் வாங்கிய தோட்டம் மச்சானுடையதாகவே ஆகிப்போன கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. இரண்டு குடும்பமும் இன்று ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை.

அதே ஏற்காட்டில் வெளியூரில் இருந்து வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. பீட்டர் பெர்சிவல் 1826-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதிரியார். இடையில் இங்கிலாந்துக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தார், இந்தமுறை சென்னைக்கு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். 1882-ல் ஏற்காட்டில்தான் இறந்தார். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியலாளர், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்தவர். 1891-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவரைப் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகளில் பெரும்பாலோர் ஓய்வூதியத்தோடு கப்பலேறினார்கள். அவர் பரோடாவுக்கும் மைசூருக்கும் நிலவியல் வேலை பார்த்தபடி ஏற்காட்டில் குடியிருந்தார். 1912-ல் இறந்தது கல்கத்தாவில் என்றாலும், அவருடைய நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஆண்ட இனத்துக்காரர், விசா வரிசையில் நின்றவர் இல்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் என் கண்ணுக்குப் படுவது வேறு. மலையின் குளிருக்காக மட்டும் அவர் தங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தேடிய கல் இங்கே கிடந்தது. காலையில் எழுந்தால் செய்வதற்கு வேலை இருந்தது.

நம் ஆட்களுக்கு இங்கே அப்படி என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் கோபம் வருகிறது. ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி வளாகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து ‘சேலத்துக்குத் திரும்பிய’ குடும்பங்களில் முக்கால்வாசி பெங்களூருவில் குடியிருக்கின்றன. வேலை அங்கே, பிள்ளைகளுக்குத் தோதான பள்ளிக்கூடம் அங்கே. மாதம் ஒருமுறை காரில் வந்து போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, டல்லாஸிலிருந்து பார்த்தால் பெங்களூரு பக்கத்து ஊர்தான். மருமகள்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். இருபது வருடமாகத் தன் வீட்டைத் தன் இஷ்டப்படி நடத்தியவள், மாமியாரின் சமையலறைக்கு வந்து ‘சீரகம் எங்கே இருக்கிறது அத்தை?’ என்று கேட்க விரும்புவாளா? அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் வாய்விட்டுச் சொல்லாததைத்தான் வீட்டுக்காரர் “இரண்டு வருடம்” என்று மொழிகிறார்.

என் தம்பியும் இந்த ரகம்தான். அழகாபுரத்தில் அம்மா இருக்கும் வீட்டுக்கு மேலே அவன் தனக்கென்று மாடி கட்டினான். வாரம் ஒருமுறை நான் போய்ப் பூட்டைத் திறக்கிறேன். குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் ஓடவிட வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் உப்புக்கு, திருகாமல் விட்ட குழாய் இறுகிப்போகும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் சாக்கடை நாற்றம் மேலே வரும், பின்னாலேயே கரப்பான் வரும். இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். வாஷிங் மெஷினின் பைப்பை எலி கடித்து இரண்டாம் முறை மாற்றியாகிவிட்டது. கட்டிலில் கிடக்கும் மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. உறை மஞ்சளித்துப்போய், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது.

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. மூட்டுவலி, இரவில் தனியாகப் படுக்கிறார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் கணவனோடு வந்து மாடியை வாடகைக்குக் கேட்டாள். அதைவிட நல்ல குடித்தனம் யாருக்குக் கிடைக்கும்? “தம்பி வந்தால் எங்கே தங்குவான் கண்ணு?” என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

“அக்கா, பாப்பா காலேஜ் முடிக்கட்டும். இன்னும் இரண்டு வருடம்தான்.”

“பாப்பா முடித்ததும் நீ வர மாட்டாய். அவள் கல்யாணம் என்பாய், அப்புறம் பேரன் பேத்தி என்பாய். வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடேன்.”

“அம்மா தாங்க மாட்டாங்க அக்கா.”

அப்பா போன பிறகு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடனை அடைத்து, வீடு கட்டி நிமிர்ந்தவர் எதைத் தாங்க மாட்டார் என்று இவன் நினைக்கிறான்? தாங்க முடியாதது இவனுக்குத்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மாவிடம் அவர் மகன், “நான் கனடாவோடு சரி அம்மா” என்று நேராகச் சொல்லிவிட்டான். ஒரு மாதம் அழுதார். பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள ஃபிளாட் வாங்கினார். இப்போது அவரைப் பிடிக்கவே முடிவதில்லை. ஒரு வாரம் தாரமங்கலம் கோயில், மறு வாரம் மேட்டூர் என்று தோழிகளோடு பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும் கண்ணு. அவன் வாயால் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த நர்ஸ் பெண்ணுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டதா?” என்று கேட்டார்.

கிடைத்துவிட்டதாம். எனவே அழகாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது: இரண்டு படுக்கையறை, தனி மீட்டர், பைக் நிறுத்த இடம் உண்டு. ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் குடும்பம் என்றால் அட்வான்ஸ் குறைத்துக்கொள்ளலாம். மெத்தையை எடுத்துவிடுகிறேன். தம்பி இந்தப் பதிவைப் படித்தால், வீடு அம்மா பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பேசட்டும். டிசம்பரில் வந்தால் கீழே என் பழைய அறையில் தங்கலாம்.